இரட்டை வேகம்

டுரஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு தெரு.
மூன்று மாதமாய் மழையில்லை.
ஆனாலும் பாட்டு வீடியோவில்
இரவுத் தெரு நனைந்தேதான் கிடக்க வேண்டும்.
தக்காளிக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் லாரி
விளக்குக் கம்பங்களின் பிம்பத்துக்குப்
பாய்ச்சிவிட்டுப் போனது.

காதலி போய்விட்டாள் என்று பாட்டு.
பாடுபவன் ஃபத்பார்த்.
போகிறவள் மிரேலா,
பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர்,
அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள்.
அவளுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று:
திரும்பிப் பார்க்காதே.
பதினான்கு முறை போனாள்.
பதினான்கு முறையும் மின்விசிறி
அவள் கூந்தலை மட்டும்
திருப்பி அனுப்பியது.

கறுப்பு மெர்சிடிஸ் மணிக்கணக்கு வாடகை.
காலையில் எல்பசானில் கல்யாணமாம்,
மாப்பிள்ளை ஏற வேண்டிய வண்டி.
ஒவ்வொரு டேக் முடிந்ததும்
சொந்தக்காரர் ஸ்கெந்தர் துணியோடு ஓடி வந்து
நாங்கள் காசு கொடுத்து நனைத்த தெருவை
அதன் சக்கரத்திலிருந்து துடைத்தார்.

ஸ்லோமோஷனில் உதடு பிசகாமலிருக்க
ஒரு தந்திரம் உண்டு.
பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு
அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்லி
இரட்டிப்பு ஃபிரேம்களில் பிடிப்போம்.
பிறகு மேசையில் எல்லாவற்றையும் பாதியாக்கினால்
புகை, முடி, தெறிக்கும் நீர்
எல்லாம் தேனுக்குள் நகரும்;
உதடு மட்டும் தாளத்தில் நிற்கும்.

ஆகவே அன்றிரவு ஒலிபெருக்கியில்
அவனுடைய உடைந்த நெஞ்சு
அணில் குரலில் கீச்சிட்டது.
மதில்மேல் உட்கார்ந்திருந்த கப்பல் கூலிகள்
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
பல்லவியின் மூன்றாம் வரியில்
ஃபத்பார்த்தின் தோள் குலுங்கியது.
உதட்டைக் கடித்தான். முகத்தை வானத்துக்குத் தூக்கினான்.
இயக்குநர் லுவான் கையை உதறி
அடுத்தது என்றார்.

டிரானாவில் நாலாம் மாடி. நான், ஹெட்ஃபோன்,
ஆறிப்போன காப்பி.
என் வேலைக்கு விதிகள் அதிகமில்லை.
இரண்டு வினாடிக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது.
டிரம் விழும் இடத்தில் வெட்டு விழ வேண்டும்.
பாடுகிறவன் கொஞ்சம், போகிறவள் கொஞ்சம்,
பின்னலாய்ப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.
கடைசிப் பல்லவியில் காட்டியதையே மறுபடி காட்டலாம்,
இன்னும் வேகமாய்,
புதிதாய்ச் சொல்ல எதுவும் இல்லையென்று
யாரும் கவனிப்பதற்குள்.

கழித்துப்போட்ட அந்த டேக்கைச்
சும்மாதான் பாதி வேகத்தில் ஓட்டினேன்.
தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.
கண் நிறைந்தது. வாயோரம் நடுங்கி
நடுங்கி, ஒரு சொல்லைப் பிடித்து நின்றது.
சிரிப்பை அடக்குகிற முகமும்
அழுகையை அடக்குகிற முகமும்
அதே தசைகளைத்தான்
கூலிக்கு எடுக்கின்றன போலும்.
பின்னால் நின்ற லுவான்
ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு, இதைத் தொடாதே, என்றார்.

ஆறு வினாடி. வெட்டில்லாமல்.

வெளிவந்த வாரம் ஒரு டாக்சிக்காரர்
ஃபத்பார்த்திடம் காசு வாங்க மறுத்தாராம்.
வ்லோராவிலிருந்து அவன் அக்கா
யாரடா அவள் என்று கேட்டு அழுதாளாம்.
முதலில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தான்.
பிறகு சொல்வதை விட்டுவிட்டான்.
சாரந்தா மேடையில் அந்த வரி வந்தபோது
அவன் குரல் நிஜமாகவே நின்றுபோனது என்கிறார்கள்.
நான் போகவில்லை.

என்னிடம் அசல் இருக்கிறது.
சில ராத்திரிகளில் அதை
எடுத்த வேகத்திலேயே ஓட்டுகிறேன்:
ஒருவன் சிரிப்பைத் தின்கிறான்,
மதில்மேல் கால்கள் ஆடுகின்றன,
ஃபிரேமின் இடது ஓரம், ஃபோகஸ் இல்லாத இடம்,
காரின் கதவோரம் யாருடையதோ கோட்டைப் போர்த்தி
முதுகு காட்டி நிற்கிற மிரேலா
என்ன சத்தமென்று
சட்டெனத் திரும்பிப் பார்க்கிறாள்,
அவனைப் பார்த்துவிட்டு அவளும் சிரிக்கிறாள்.

ஃபிரேமைப் பதினெட்டு சதவீதம் பெரிதாக்கி
அவளை விளிம்புக்கு வெளியே தள்ளியது
நான்தான்.
காதலி போய்விட்டாள் என்பதுதானே பாட்டு.